நாற்பது பேருக்குக் குத்திய ஊசி

உல்போசின் வேலை செய்வதைப் பார்க்க ஆய்வுக்கூடத்தின் மற்ற மாடிகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். முக்காலிமேல் ஏறி நிற்பாள். கையில் நீளமான கண்ணாடிக் குழல்; அதற்குள் யாரோ ஒரு நோயாளியின் வெள்ளணுக்கள். கீழே தரையில், பனித்தண்ணீரில் நனைத்த கண்ணாடித் தகடு. கையைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சை அடக்கி, ஒரே ஒரு சொட்டு விடுவாள். அந்த உயரத்திலிருந்து விழுந்தால்தான் அணு வெடித்து, உள்ளே சுருண்டு கிடக்கும் குரோமோசோம்கள் பாயில் உலரப்போட்ட தயிர்க்கட்டிகள் போலத் தனித்தனியாகப் பரந்து கிடக்கும். தாழ்வாக விட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், எண்ண முடியாது. உல்போசின் குள்ளம், அதனால் முக்காலி. அந்த முக்காலி உடைந்துபோன வருஷம், இரண்டாம் மாடிப் பால்கனியிலிருந்து, முற்றத்தில் நின்ற வேராவின் கையிலிருந்த தகட்டில் குறி தப்பாமல் விட்டாள் என்றும், ஆல்மாட்டி நகரத்திலேயே அத்தனை தெளிவான தகடு அதற்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை என்றும் சொல்வார்கள். நம்பாதவர்கள் வேரா பாக்கையே கேட்கலாம். அவள் கொரியக்காரி, உல்போசினுக்கு ஆரம்பத்திலிருந்து உதவியாளர். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும். இதைச் சொல்லும்போது மட்டும் சிவப்பதில்லை.

உல்போசின் என்றால் 'அடுத்தது ஆணாகட்டும்' என்று வேண்டிக்கொண்டு பெண்ணுக்கு வைக்கிற பெயர். வேண்டுதல் பலிக்கவில்லை. அடுத்ததும் பெண். தகப்பனார் அத்தோடு வேண்டுவதை நிறுத்திவிட்டு மகள்களைப் படிக்க வைத்தார். இவள் லெனின்கிராட் வரை போய்ப் படித்தாள். ரத்தப் புற்றுநோய்க்காரர்களின் குரோமோசோம்களில் எது உடைந்திருக்கிறது, எது இடம் மாறி ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் படிப்பு. திரும்பி வரும்போது ஒரு நகக்கத்திரியும் கொண்டுவந்தாள். அந்தக் காலத்தில் மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்து, ஒவ்வொரு குரோமோசோமையும் கத்தரித்து, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டவேண்டும். பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் ஒட்டியது போதாமல் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் ஒட்டினாள். ஒரு நாள் புருஷனின் சூப்பில் இருபத்திரண்டாம் நம்பர் மிதந்தது. அவர் நல்ல மனுஷர். கரண்டியால் எடுத்து, துடைத்து, "இது யாரோடது?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு சோவியத் நாடு இல்லாமல் போனது. கூடவே மின்சாரமும் அடிக்கடி போனது. அணுக்கள் வளர உடம்புச் சூடு வேண்டும். அடைகாக்கும் பெட்டி குளிர்ந்து கிடந்தது. உல்போசின் அணுக்கள் இருந்த குழாய்களைத் துணியில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டாள். ட்ராலி பஸ்ஸில் போனாள், ரொட்டி வரிசையில் நின்றாள், நாத்தனார் மகள் கல்யாணத்துக்கும் அப்படியே போனாள். கல்யாணத்தில் எங்கள் கஸாக் பெண்கள் சும்மா விடுவார்களா? எலும்பு நொறுங்கக் கட்டிக்கொள்வார்கள். இவள் கையை முன்னால் நீட்டிக்கொண்டு பின்வாங்கினாள். "படிச்ச திமிரு, பாத்தியா" என்றார்கள். மார்பில் மூன்று பேருடைய புற்றுநோய் வளர்ந்துகொண்டிருப்பதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்த மூன்றும் நன்றாக வளர்ந்தன.

அந்த இருட்டுக் காலத்தில்தான் செய்த்காலி வந்தான். மேலே போகும் மின்கம்பியைக் கொம்பால் தொட்டு ஓடுகிற ட்ராலி பஸ்ஸை ஓட்டுகிறவன். அவனுடைய தம்பி ஒருவன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோயிருந்தான்; அது சம்பந்தமாகக் கையெழுத்துப் போட வந்தவன், கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கைக்குட்டை சிவந்திருந்தது.

"உங்களுக்கு என்ன?" என்றாள் உல்போசின்.

"இதுவா? சும்மா மூக்குதான், அக்கா. எங்க வீட்டுல பாதிப் பேருக்கு ஒழுகும். தட்டினாக் கன்னிப்போகும், தும்மினா ஒழுகும். எங்க சித்தப்பா ஒருத்தரு கல்யாண மேடையிலேயே ஒழுக விட்டாரு. பொண்ணு வீட்டுக்காரங்க ஓடியே போயிட்டாங்க."

"அந்தச் சித்தப்பா இப்ப?"

"அவரும் ரத்தத்துலதான் போனாரு."

உல்போசின் எழுந்து கதவைச் சாத்தினாள். அவளுடைய மீதி வாழ்க்கை அந்தக் கைக்குட்டையில்தான் தொடங்கியது.

செய்த்காலியின் அம்மா ஓரின்ஷா, கிசில்ஓர்தாவுக்குப் பக்கத்தில் சிர்தாரியா ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்தாள். உல்போசினும் வேராவும் ஊசிப் பெட்டியோடு போய் இறங்கினார்கள். அந்த ஆற்றுக் கொசுக்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கன்றுக்குட்டியைத் தூக்கிப்போக ரெண்டு கொசு போதும் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

"எங்க ஊருக் கொசுவே தேவலை" என்றாள் ஓரின்ஷா, விருந்தாளிக்கு மரியாதையாகத் தேநீரைக் கிண்ணத்தில் பாதி மட்டும் ஊற்றி நீட்டியபடி. "குடிச்சிட்டுப் பேசாமப் போயிடும். நீ குடிச்சிட்டு, பேரு என்ன, வயசு என்ன, உங்க அப்பன் எதுல செத்தான்னு கேக்குற."

"கொசுவுக்கு எழுதத் தெரியாது, ஆப்பா. தெரிஞ்சா அதுவும் கேக்கும்."

வயசான பெண்களை எங்களில் 'ஆப்பா' என்போம். கிழவிக்கு அந்தப் பதில் பிடித்தது. கிண்ணத்தை வாங்கி மறுபடி ஊற்றினாள்.

ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏழு தலைமுறை முன்னோர் பெயரை ஒரே மூச்சில் சொன்னார்கள். எங்களில் அது தெரியாதவன் மனிதனே இல்லை. உல்போசின் எழுதிக்கொண்டு, "சரி, இவரோட அம்மா யாரு?" என்றாள். ஒருவருக்கும் தெரியவில்லை. ஏழு அப்பாக்களும் வானத்திலிருந்து குதித்தவர்கள்போல ஆண்கள் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். அடுப்பங்கரையிலிருந்து ஓரின்ஷா சிரித்தாள். எந்த மாமியாருக்கு எந்தப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை, எந்த நாத்தனார் உடம்பில் கிள்ளினால் வாரக்கணக்கில் நீலம் இருந்தது, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. வம்சப் படம் அவள் வாயிலிருந்துதான் வந்தது.

கடைசியில் ஒரு பதினைந்து வயசுக்காரனைக் காதைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இவன் தாவ்ரென். என் கடைக்குட்டி. இவனுக்கு மூக்கு ஒழுகாது, வாய்தான் ஒழுகும்."

"அம்மா, காது பிஞ்சு வந்தா அதுலயே ரத்தம் எடுத்துக்குவாங்க, ஊசி மிச்சம்" என்றான் தாவ்ரென்.

செய்த்காலியின் தம்பிகள் வரிசையில், எல்லோருக்கும் கடைசியாக, உல்போசின் அவனுக்கு ஒரு கட்டம் வரைந்தாள்.

ரத்தம் நிரப்பிய குழாய்கள் வெளிநாட்டுக் கூட்டாளிகளின் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. வருஷங்கள் போயின. ஒரு நாள் பதில் வந்தது. மூக்கு ஒழுகும் எல்லோருக்கும் ஒரே மரபணுவில், ஒரே இடத்தில் ஒரே பிழை. ரத்தத் தட்டணுக்கள் குறைவதற்கும், சிலருக்குப் பிற்பாடு புற்றுநோய் வருவதற்கும் அந்தப் பிழைதான் காரணம். ஆனால் கூடவே ஒரு குறை: கடைசிப் பையனின் குழாய் மாறிவிட்டது, அவனுக்கும் இந்த அம்மாவுக்கும் தாய் பிள்ளை உறவு இல்லை, மாதிரி எடுத்தவர் கவனமாக இருந்திருக்கலாம்.

மாதிரி எடுத்தவள் வேரா. காது சிவக்காமல், கண் மட்டும் சிவந்து, "நான் மாத்தல, உல்போசின். சத்தியமா மாத்தல" என்று அழுதாள்.

உல்போசின் தாள்களை மேசையில் பரப்பிப் பார்த்தாள். தாவ்ரென் அண்ணன்கள் வரிசையில் ஒட்டவில்லை. ஒரு வரி கீழே இறக்கினாள். செய்த்காலியின் பிள்ளைகள் வரிசையில் அச்சாகப் பொருந்தினான். அவள் சிரித்துவிட்டாள்.

"நீ மாத்தலடி. கிழவி மாத்தியிருக்கா."

மூத்த மகனுக்கு முதல் பிள்ளை பிறந்தால் பாட்டி எடுத்துக்கொள்வது எங்களில் இருப்பதுதான். பால்மணம் மாறுமுன் கொண்டுபோய் நெஞ்சோடு போட்டுக்கொள்வாள். அன்றிலிருந்து அவள்தான் அம்மா, பெற்றவன் அண்ணன். கொடுத்தவர்கள் அதற்குப்பிறகு அந்தப் பிள்ளையை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, 'என் மகன்' என்று வாய்தவறியும் சொல்வதில்லை. சொன்னால் பெற்ற தாயின் மடியிலிருந்து பிடுங்கிய மாதிரி. ஊருக்கெல்லாம் தெரியும், ஒருவரும் பேசமாட்டார்கள்.

உல்போசின் கூட்டாளிகளுக்கு எழுதினாள்: 'குழாய் மாறவில்லை. இந்தப் பையனை மட்டும் விட்டுவிடுங்கள். காரணம் அந்தக் குடும்பத்துடையது.' தாவ்ரெனுக்கு அந்தப் பிழை இல்லை. பிழை இல்லாத ஓர் ஆளைச் சேர்த்திருந்தால் கட்டுரைக்கு நல்ல பலம் கிடைத்திருக்கும். அவனில்லாமல் அது நொண்டியது. பெரிய இதழ் திருப்பி அனுப்பியது, சின்ன இதழ் ஒன்று போட்டது.

"ஒரு கட்டத்தை ஒரு வரி கீழ போட்டிருந்தா இன்னிக்கு நீ உலகமெல்லாம் பேசியிருப்ப" என்று வேரா பொருமினாள்.

"அந்தக் கட்டத்துக்கு அம்மா இருக்கா, வேரா. அவ பத்திரிகை படிப்பா."

ஓரின்ஷா பத்திரிகையில் ஆட்டு விலை தவிர எதையும் படித்ததில்லை. அது இருவருக்கும் தெரியும்.

இன்னும் சில வருஷம் கழித்து, செய்த்காலி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தான். இந்தமுறை மகளோடு. கம்ஷாத்துக்குப் பத்தொன்பது வயசு. கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். குதிரை உதைத்துக் கன்றியதென்று நினைத்த காயம் ஆறவேயில்லை. உல்போசின் முக்காலியில் ஏறி, சொட்டு விட்டு, இறங்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. குடும்ப நோய் வந்துவிட்டிருந்தது.

மருந்து கொடுத்து நோயைப் படுக்க வைத்தார்கள். ஆனால் இந்த வகை திரும்ப எழுந்துவிடும். எழுவதற்குள் வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்றவேண்டும். அந்தச் சிகிச்சை அப்போது எங்களுக்குப் புதிது. உடன்பிறந்தவருடையது முழுசாகப் பொருந்தினால் மட்டும் செய்தார்கள். இளம் டாக்டர் அல்தியார் கேட்டான்: "கூடப் பிறந்தவங்க?"

"ஒரு தம்பி" என்றான் செய்த்காலி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

இமைக்காமல் சொன்னான். பொய் சொல்கிறவன் முகம் அது இல்லை. அவன் கணக்கில் இரண்டுதான். அந்தச் சின்னத் தம்பியைச் சோதித்தார்கள். அவனுக்கும் குடும்ப மூக்கு, அதே பிழை. அவனுடைய மஜ்ஜையை ஏற்றினால் நோயை விதைத்த மாதிரி.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உல்போசின் அறை மூலையில் நின்றாள். தாவ்ரென் கம்ஷாத்தின் சித்தப்பா இல்லை, சொந்த அண்ணன். அவனிடம் அந்தப் பிழை இல்லை. நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அவன் பொருந்தலாம். ரத்தத்தின் வழியாக இதைத் தெரிந்துகொண்டவர்கள் அவளும் வேராவும்தான். ஆனால் ரத்தத்தில் படித்ததை இன்னொருவரிடம் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை, டாக்டரிடம்கூட. சொல்லாவிட்டால் அந்தப் பெண் போய்விடுவாள்.

மறுநாள் செய்த்காலியின் ட்ராலி பஸ்ஸில் ஏறி, அவன் முதுகுக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"செய்த்காலி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க, அக்கா."

"உங்களுக்கு வேற பிள்ளை உண்டா?"

நிறுத்தம் வந்தது, போயிற்று. இறங்கவேண்டியவர்கள் கத்தினார்கள். "யோவ், எங்கய்யா போற? சீனாவுக்கா?" அடுத்த முச்சந்தியில் அவன் வலப்பக்கம் திரும்ப, மேலே கம்பி இடப்பக்கம் போக, பஸ்ஸின் ரெண்டு கொம்பும் கம்பியிலிருந்து கழன்று வானத்தைப் பார்த்து நின்றன. நகரமே நின்றது. காய்கறி மூட்டைக்காரி ஒருத்தி ஏழு தலைமுறையையும் சேர்த்துத் திட்டினாள்.

செய்த்காலி இறங்கிப் பின்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்துக் கொம்பை இழுத்தான். உல்போசின் பக்கத்தில் போய் நின்றாள். அவன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர்கிட்டச் சொன்னதுதான், அக்கா. ரெண்டு பிள்ளைங்க." கொம்பு கம்பியைத் தொட்டுப் பொறி பறந்தது. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறவன் மனுஷனா? நான் அந்த வீட்டு வாசல்ல போய் நின்னாலே போதும், எதுக்கு வந்தேன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சுடும். அது செத்துரும்." இரண்டாவது கொம்பும் ஏறியது. கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "கிசில்ஓர்தாவுக்குத் தினமும் ரயில் போகுது."

உல்போசின் போனாள். அந்த ஊரில் கொசுக்கள் அவளை அடையாளம் கண்டுகொண்டு மரியாதையாக விலகின என்பார்கள்.

ஓரின்ஷா எதையும் கேட்கவில்லை. வாணலியில் ஈரலும் உருளைக்கிழங்கும் வதக்கினாள், எண்ணெயில் மாவுருண்டை பொரித்தாள், தேநீர் ஊற்றினாள், மறுபடி ஊற்றினாள். வாய் நிறைந்திருந்தால் விருந்தாளி பேசமுடியாது என்பது அவள் திட்டம். உல்போசின் எட்டாவது கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்தாள்.

"ஆப்பா, கம்ஷாத்துக்காகச் சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் ரத்தம் எடுத்துப் பாக்கலாம்னு வந்தேன்."

"சித்தப்பன் பெரியப்பனுக்கெல்லாம் பொருந்தாதுன்னு டாக்டர் சொன்னானாமே."

"பொருந்தறது ரொம்ப அபூர்வம்."

"அப்ப எதுக்கு வெட்டியா எல்லாரையும் குத்தணும்?"

"ஒருத்தரை மட்டும் கூப்பிட்டுக் குத்தினா ஊரு பேசும். நாப்பது பேரைக் குத்தினா ஒருத்தரும் பேசமாட்டாங்க."

கிழவி அடுப்பைப் பார்த்தாள். ஒரு மாவுருண்டை கருகிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

"முதுகுத்தண்டுல ஓட்டை போட்டு உறிஞ்சுவாங்களாம். ஆம்பளைக்கு அப்புறம் ஒண்ணுக்கும் ஆகாதாம். இன்னும் கல்யாணம் ஆகாத பையன்..." சட்டென்று நிறுத்தி, "யாரா இருந்தாலும் சொல்றேன்" என்றாள்.

"முதுகுத்தண்டு இல்ல, ஆப்பா. இடுப்பெலும்பு."

"இடுப்பா! அது அதைவிட மோசம்டி!"

"ஒரு வாரம் வலிக்கும். அப்புறம் மாவு அரைக்கலாம், மல்யுத்தம் பண்ணலாம், மாப்பிள்ளையும் ஆகலாம். என் சொந்தப் பையனா இருந்தாலும் அனுப்புவேன்."

"உன் சொந்தப் பையன்" என்றாள் ஓரின்ஷா. அந்த வார்த்தையை வாயில் போட்டு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளினாள். "செய்த்காலி அனுப்பினானா?"

"இல்ல. அவரு எனக்கு ரெண்டு பிள்ளைன்னுதான் சொன்னாரு. மூணு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வாரு."

கிழவி முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். அது அழுகை இல்லை, புகை என்று பிறகு சொன்னாள். எழுந்து, கருகிய உருண்டையை வெளியே நாய்க்கு எறிந்துவிட்டு வந்தாள்.

"நாப்பது பேருக்கு ஊசி வச்சிருக்கியா?" என்றாள். "இருந்தா ஆடு அடிக்கச் சொல்றேன்."

அந்த ஊரில் அப்படி ஒரு விருந்து அதற்கு முன் நடந்ததில்லை. பெரியப்பாக்கள், அத்தைகள், மாப்பிள்ளைகள், சம்பந்திகள், ஒன்றுவிட்டவர்கள், இரண்டுவிட்டவர்கள், உறவே இல்லாமல் கறி வாசனைக்கு வந்தவர்கள், எல்லோரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். மசூதிப் பெரியவரும் கையை நீட்டினார். வேலியோரம் நின்ற ஒட்டகம்கூட வரிசையில் தலையை நுழைத்தது என்கிறார்கள், அதற்குக் குத்தவில்லை. உல்போசினிடம் ஆளாளுக்கு ஒரே மாதிரி ஊசி, ஒரே மாதிரி பஞ்சு, ஒரே மாதிரி பேச்சு. தாவ்ரென் நெல் லாரியோடு தாமதமாக வந்தான். இருபத்தேழு வயசு, கதவு அகலத் தோள்.

"என்ன அக்கா, திரும்பி வந்துட்டீங்களா? போனதடவை எடுத்தது ருசியா இருந்துச்சா?"

"ருசிதான். உப்பு கொஞ்சம் கம்மி."

எல்லோரும் சிரித்தார்கள். ஓரின்ஷா மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள், அவன் ஊசிக்குப் பயப்படுகிற குழந்தை மாதிரி. ஊசி ஏறி இறங்கும்வரை அவள்தான் கண்ணை மூடியிருந்தாள்.

ஆல்மாட்டிக்கு வந்ததும் உல்போசின், சந்தேகம் வராமலிருக்க, செய்த்காலியின் தம்பிகளில் மூத்தவர்கள் ரெண்டு பேருடையதையும் தாவ்ரெனுடையதையும் பொருத்தம் பார்த்தாள். மற்றவர்கள் ரத்தமும் வீண்போகவில்லை. யாருக்குக் குடும்பப் பிழை இருக்கிறது, யார் வருஷாவருஷம் சோதித்துக்கொள்ளவேண்டும் என்று அதில் தெரிந்தது. அது வேறு கதை. பொருத்தம் பார்த்த முடிவை வேராதான் முதலில் படித்தாள். உல்போசினின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். தாவ்ரென் முழுசாகப் பொருந்தியிருந்தான்.

ஓரின்ஷா அவனைத் தானே கூட்டிக்கொண்டு வந்தாள். நேராகத் தங்கை மகள் வீட்டில் இறங்கினாள். செய்த்காலியின் வீட்டுக்கு அவனைப் பண்டிகைக்குக் கூட்டிப்போவாள், சாப்பிட வைப்பாள், பொழுது சாய்வதற்குள் கிளப்பிவிடுவாள். இருபத்தேழு வருஷத்தில் ஒரு ராத்திரி அவனை அங்கே படுக்க விட்டதில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எல்லோரும் நின்றிருந்தபோது அல்தியார் ஓடிவந்தான். கண்ணெல்லாம் மின்னியது. நல்ல பையன், ஆனால் நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவன், அப்பார்ட்மெண்டில் பாட்டி இல்லாமல்.

"அதிசயம்! சித்தப்பா முழுசா, நூத்துக்கு நூறு பொருந்துறாரு! இப்படி நடக்கவே நடக்காது. சித்தப்பாவா இருக்கவே முடியாது, இவரு அவளோட சொந்த அண்ணன் மாதிரி..."

உல்போசின் அவன் காலை மிதித்தாள். தாமதமாக மிதித்தாள். செய்த்காலி சுவரில் ஒட்டிக்கொண்டான். ஓரின்ஷா கைத்தடியை ஊன்றி நிமிர்ந்தாள்.

"டாக்டர் தம்பி, எத்தனை வருஷம் படிச்சே?"

"ப... பத்து வருஷம், ஆப்பா."

"பத்து வருஷம் படிச்சு இதையா கண்டுபிடிச்சே? எங்க தெரு நாய்க்கே தெரியுமே."

அவள் குரல் கெட்டியாகத்தான் இருந்தது. தடியைப் பிடித்த கைதான் ஆடியது. தாவ்ரென் பக்கம் திரும்பவில்லை. திரும்ப அவளுக்குத் தைரியம் இல்லை என்று உல்போசினுக்குத் தெரிந்தது.

தாவ்ரென் தலையைச் சொறிந்தான். "அந்த நாய் என்கிட்டயும் சொல்லிச்சு, அம்மா. எட்டு வயசிருக்கும்."

"என்ன சொல்லிச்சு?"

"இதைத்தான். ஆனா நீ சொல்லல. அதனால எனக்குத் தெரியாதுன்னு இருந்துட்டேன்." குனிந்து அவள் கைத்தடியோடு சேர்த்துக் கையைப் பிடித்தான். "நடுங்காதே. கீழ விழுந்தா உனக்கும் சேர்த்து எலும்பு தேடணும்." பிறகு சுவரோரம் பார்த்து, எப்போதும்போல, "அண்ணே, அம்மாவுக்கு ஒரு தேநீர் வாங்கிட்டு வாங்களேன்" என்றான்.

அண்ணே என்றான். செய்த்காலி ஒரு நொடி அப்படியே நின்றான். வேறொரு வார்த்தை வருமென்று அவன் எதிர்பார்த்தானோ என்னவோ. பிறகு, "பால் விட்டா, விடாமலா?" என்று கேட்டுவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போனான். திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. தேநீர் ஆறிப்போயிருந்தது. கிழவி அதை முழுசும் குடித்தாள்.

தாவ்ரெனின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து, பையில் நிரப்பி, கம்ஷாத்துக்கு ஏற்றினார்கள். அவன் இரண்டு நாள் கோணலாக நடந்தான். தாதிப் பெண்கள் இரக்கப்படப் பட இன்னும் கோணலாக நடந்தான். கம்ஷாத்துக்கு மயிர் உதிர்ந்தது, வாயெல்லாம் புண், காய்ச்சல் ஏறி ஏறி இறங்கியது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள், இந்தப்பக்கம் முறைபோட்டுக்கொண்டு இவர்கள். ஒரு வாரம் அவள் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அந்த வாரம் உல்போசின் ஆய்வுக்கூடத்துக்கும் வார்டுக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தாள். புது மஜ்ஜை பிடித்துக்கொண்டதா, இல்லையா? அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: காத்திருந்து பார்ப்பது.

மஜ்ஜையிலிருந்து எடுத்த அணுக்கள் கடைசியில் வளர்ந்தன. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். ஒரு பெண்ணின் அணுக்களில் எக்ஸ் ரெண்டு இருக்கவேண்டும். இங்கே ஒரு எக்ஸ், பக்கத்தில் குட்டையாக, தடித்து, ஒரு ஒய். தகட்டை நகர்த்தினாள். அடுத்த அணுவிலும் ஒய். அதற்கடுத்ததிலும். ஒய், ஒய், ஒய். கம்ஷாத்தின் பழைய அணு ஒன்றுகூட இல்லை. எத்தனையோ வருஷமாக உடைந்த குரோமோசோம்களையே பார்த்துவந்த கண் அது. அன்றைக்குப் பார்த்தவை எல்லாம் முழுசு.

நடக்கவில்லை, ஓடினாள். வேராவும் பின்னால் ஓடினாள். ஐம்பதைத் தாண்டிய ரெண்டு பெண்கள் வெள்ளைக் கோட்டோடு ஓடுவதைப் பார்த்து ஆஸ்பத்திரிக் காவல்காரர் தீ விபத்தென்று நினைத்து மணியடித்ததாகக் கேள்வி.

"பிடிச்சுக்கிச்சு!" என்றாள் உல்போசின் மூச்சு வாங்க. "ஒண்ணு விடாம எல்லா அணுவும் தாவ்ரெனோடது. அவ மஜ்ஜையில அவளோடது இப்ப ஒண்ணும் இல்ல."

செய்த்காலி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தாவ்ரென் கண்ணாடியில் தட்டி, "ஏய், இனிமே உனக்கு மீசை முளைக்கும்!" என்று கத்தினான். உள்ளேயிருந்து கம்ஷாத், மொட்டைத் தலையோடு, கையை மெல்லத் தூக்கி அவனை அடிக்கிற மாதிரி காட்டினாள்.

ஓரின்ஷா யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அவ உடம்புல ஓடுறது முழுக்க என் பையன் ரத்தமா?"

"முழுக்க, ஆப்பா."

"அப்ப அவளும் என் பிள்ளைதான். தேறினதும் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒட்டகப் பால் குடுத்துத் தேத்திடுவேன்."

"அம்மா!" என்றான் செய்த்காலி. கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது அவனுக்கு. "ஒண்ணையாவது எனக்கு விட்டுவை, அம்மா!"

இருபத்தேழு வருஷத்தில் அவன் அப்படி ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபிறகுதான் அவனுக்கே தெரிந்தது. பயந்துபோய் அம்மாவைப் பார்த்தான். ஓரின்ஷா அவனையே பார்த்தாள்.

அல்தியார், பாவம், இந்தமுறை எச்சரிக்கையாகத்தான் பேசினான். "இப்ப ஊருக்கெல்லாம் போக முடியாது, ஆப்பா. பல மாசம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். அண்ண... தாவ்ரெனும் பக்கத்துல இருந்தா நல்லது. மறுபடி அணு தேவைப்படலாம்."

"எத்தனை மாசம் சொன்னாலும் இருக்கோம்" என்றாள் ஓரின்ஷா. தங்கை மகள் வீட்டிலிருந்து வரும்போதே, எதை நினைத்தோ, மூட்டை முடிச்செல்லாம் கையோடு கொண்டுவந்திருந்தாள். அதைத் தூக்கிச் செய்த்காலியின் கையில் கொடுத்தாள். "உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

செய்த்காலி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். "ரெண்டே ரூம்தான், அம்மா. நீ உள்ள படுத்துக்கலாம்." மூட்டையின் முடிச்சை இறுக்கினான். "தாவ்ரென் எங்க படுப்பான்?"

"உன் தம்பிதானே" என்றாள் கிழவி, தடியை எடுத்துக்கொண்டு படியைப் பார்த்து நடந்தபடி. "உன் பக்கத்துல படுக்கட்டும்."